வருத்தம் இல்லாத அரைநாள்

கெய்சர் வீதியில் எங்கள் புடவைக் கடையின்
லீவுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள்:
பெயர், திகதி, எத்தனை நாள், காரணம்.
நான்காவதில் என் பேனை நின்றுவிட்டது.

காய்ச்சல் என்றால் எழுதலாம்.
பிள்ளைக்கு வயிற்றோட்டம், செத்த வீடு,
ஐடென்டிகார்ட் எடுக்கப் பத்தரமுல்லை,
எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு.

"என்ன வருத்தம்?" என்றார் முதலாளி,
அளவுகோலைக் கீழே வைக்காமலே.
"வருத்தம் ஒண்ணும் இல்ல."
"பிறகு என்னத்துக்கு டொக்டர்?"

பதில் என்னிடம் இல்லை.
யசவதி மிஸ்ஸிடம்தான் இருந்தது.
லிஃப்ட் செத்துப்போன எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில்
மூச்சு வாங்க வாங்க நாலாம் மாடிக்கு ஏறி,
பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நிறுத்துவிட்டு
என் கதவையும் தட்டிவிட்டுப் போவார், மூன்று மாதமாக.
"முப்பத்தஞ்சு தானே?" பாதி சிங்களம், பாதி தமிழ்.
"முப்பத்தஞ்சுல ஒருக்கா, நாப்பத்தஞ்சுல ஒருக்கா.
சல்லி இல்ல. நோவு இல்ல. வாங்க."

நோவு இல்லை என்றது கொஞ்சம் பொய்.

காஸ் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும்
வாஷரில் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பவள் நான்.
ஒரு குமிழி வந்தாலும் அடுப்பைத் தொடமாட்டேன்.
என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

ரோசலின் மச்சாளை நினைத்தேன்.
காரணம் கிடைக்கும்வரை காத்திருந்தாள் அவள்.
காரணம் கிடைத்த கிழமையே
மஹரகமவில் கட்டிலும் கிடைத்தது.

கட்டத்தில் எழுதினேன்: "சும்மா."

புதன்கிழமை. காட்போட் துண்டில் பதினேழு.
வாங்கில் என் இடப்பக்கம் மோதரையின் மீன்காரி,
வலப்பக்கம் கார்ச்சாவியை விரலில் சுற்றும் வங்கிப் பெண்,
அபாயா அணிந்த இருவர் ஒரே பிஸ்கட் பைக்கற்றோடு.
சுவரில் மார்பைப் பரிசோதிக்கும் படம்.
எல்லோரும் அதைப் பார்க்காதது போல்
முழுவதும் வாசித்து முடித்தோம்.

தராசில் அறுபத்தெட்டு.
"செருப்போட" என்றேன்.
"கழட்டுங்க."
அறுபத்தேழரை.
கையில் பட்டியைச் சுற்றி இறுக்கித் தளர்த்தியபோது
உள்ளே யாரோ கதவு தட்டுவது கேட்டது,
யசவதி மிஸ் தட்டுவது போலவே, அவசரமில்லாமல்.

திரைக்குப் பின்னால்
மின்விசிறிக்கு மூன்று இறகு, ஒன்றின் நுனி உடைந்திருந்தது.
"இரும வேணும்" என்றார்கள், இருமினேன்.
ஒரு குளிர்ச்சி, ஒரு கிள்ளல்,
விசிறி ஒரு பத்துச் சுற்றுச் சுற்றியிருக்கும்.
அவ்வளவுதான்.
இதற்காகவா மூன்று மாதம்
கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன்?

ஐந்து கிழமை கழித்து ஒரு தாள் வந்தது.
ஒரே வரி.
குமிழி இல்லை.

கடிதம் வராத நாட்களை எல்லாம் பேசிக்கொண்டிருந்த கணவர்
அன்றைக்குப் பார்த்து ஒன்றும் பேசவில்லை.
எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.
அடுத்த முறைக்குப் பத்து வருடம் இருக்கிறது,
எந்தக் கலண்டரில் குறிப்பது?
அலுமாரிக் கதவின் உட்புறம்
மகளின் உயரக் கோடுகளுக்கு மேலே
ஆண்டை மட்டும் பென்சிலால் எழுதினேன்.
அப்போது அவள் அந்த இடத்தைத் தாண்டியிருப்பாள்.

நேற்றுக் கடை பூட்டும் நேரம்.
முதலாளியின் மூன்றாவது பிளேன்டீ,
நாலு கரண்டி சீனி, கலக்கும் சத்தம்.
பில் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்:
"அந்த இடத்துல...
ஆம்பிளைகளுக்கும் பார்ப்பாங்களா?"

"வேற கிளினிக் இருக்கு, சேர். காலைல ஒண்ணும் சாப்பிடாமப் போகணும்."
"வருத்தம் ஒண்ணும் இல்ல," என்றார் அவசரமாக.
"தெரியும்" என்றேன்.

லீவுப் புத்தகம் அவர் பக்கம்தான் கிடந்தது.
சொந்தக் கடையில்
யாரிடம் லீவு கேட்பது என்று தெரியாதவர் போல
கரண்டியை இன்னொருமுறை சுற்றினார்.